பூவரசங்கொம்பு

சமையலறை மூலையில் வைத்த தண்ணீர்க் குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கவிழவில்லை. ஆனால் கழுத்துக்குள் தண்ணீர் ஓர் ஓரம் ஏறியும் மறு ஓரம் இறங்கியும் நின்றதைப் பார்த்ததும் குணசுந்தரிக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். இன்னும் ஒரு வேலையா! விடியும் முன்னே எழுந்து, தெருக்கோடி அடிபம்பில் வரிசையில் நின்று, பெரம்பூர் ஒர்க்ஷாப்புக்குப் போகிற புருஷனுக்குச் சோறு கட்டி, கடம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டி ஊதுவதற்குள் அவனை அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்காரப் போகும் நேரத்தில் இது.

குடத்தை நகர்த்திவிட்டுக் காலால் தடவிப் பார்த்தாள். தரை புடைத்திருந்தது. குடிசையைப் பிரித்து ஓட்டு வீடாக்கி, ஆசைப்பட்டுச் சிவப்புச் சிமெண்டு பூசிய தரை. இரண்டு பொங்கல்கூடப் பார்க்கவில்லை. பின்சுவரில் தொடங்கிய மெல்லிய விரிசல் ஒன்று சமையலறையைத் தாண்டி, கூடத்தில் மகள் பாக்கியம் படுத்திருந்த பாயை நோக்கிப் போயிருந்தது.

சாயந்திரம் வந்த சுப்பராயன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தான்.

"பின்னாடி கீது பாரு பூவரசு, அதோட வேருதான். யாரு வெச்சாங்கன்னே தெரியல, சனியன். ஞாயித்துக்கெழம வெட்டிர்றேன்."

"ஞாயித்துக்கெழம தூங்கணும்னு சொன்னீங்களே."

"எங்க தூங்கறது!" என்று சொல்லிவிட்டு அவன் சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். பாவமாக இருந்தது அவளுக்கு.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் சுவரோரம் தோண்டினான். மணிக்கட்டுப் பருமனில் வேர் கிடந்தது. கோடாலி விழ விழ ஈரமண் வாசனையும், பச்சைக் காய்கறி நறுக்கிய வாசனையும் வீடெல்லாம் அடித்தது. வேர் இரண்டு துண்டானது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாக்கியம் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"யம்மா, காலு இஸ்துக்குது."

"நாள் பூரா ஆடிக்கினு இருந்தா இஸ்துக்காம இன்னா செய்யும்?" என்று கத்திவிட்டாள் குணசுந்தரி. கத்திய உடனே மனசு கேட்காமல் நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவினாள். மூன்று கரு வயிற்றிலேயே கலைந்து, சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு, கடைசியில் தங்கியவள் இவள் ஒருத்திதான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த வீடு, இந்தத் தரை, இந்த இடுப்பொடிகிற பாடு எல்லாமே இவளுக்காகத்தான். இவளுக்கு ஒன்று என்றால் அப்புறம் எழுந்து தண்ணீர் பிடிக்கக்கூடத் தன்னால் முடியாது என்று குணசுந்தரிக்குத் தெரியும்.

வெட்டியும் விரிசல் நிற்கவில்லை. அடுத்த வாரம் பாயின் ஓரத்துக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் பாக்கியம் பாயைவிட்டு உருண்டு, கன்னத்தை விரிசல்மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பாயில் போடுவதும் குணசுந்தரியின் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஒருநாள் அப்படிக் குனிந்தபோது தரைக்கடியில் சத்தம் கேட்டது. தாகமெடுத்தவர் சொம்பில் வாய் வைத்து நிறுத்தாமல் குடிக்கிற சத்தம். தூக்கம் போதாமல் காது அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் சுலபமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மணியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசனை சொன்னாள்.

"வெட்டிக்கினே இருந்தா வந்துக்கினேதான் இருக்கும். அடிமரத்துல ஒரு பொத்தலு போட்டு, கட்டிப் பெருங்காயத்த உள்ள வெச்சி, களிமண்ணால அடச்சிடு. மரம் தானா பட்டுப்பூடும். எங்கூட்டு முருங்கைய நான் அப்டித்தான் ஒழிச்சேன்."

அன்று மத்தியானமே குணசுந்தரி உளியை எடுத்தாள். பட்டைக்கு உள்ளே மரம் ஈரமாக, சற்றே சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தாள். டப்பாவிலிருந்த பெருங்காயக் கட்டி முழுவதையும் திணித்து, களிமண்ணைக் குழைத்து அடைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். எப்போதோ அரிவாள்மனை வெட்டிய தழும்பு ஒன்று அந்த விரலில் குறுக்கே ஓடும். அந்தக் கோடும் மண்ணில் பதிந்தது. விட்டது தொல்லை என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, ரொம்ப நாளைக்கப்புறம் பகலில் கொஞ்சம் படுத்தாள்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தினமும் கூட்டிக் குவிக்கும்போது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். விரிசலும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பாக்கியம் சாப்பிடுவதுதான் குறைந்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"தொண்டையில இன்னாவோ கீதும்மா."

முகத்தருகே குனிந்த குணசுந்தரி சட்டென்று நிமிர்ந்தாள். பெருங்காய வாசனை. தன் கையை மோந்து பார்த்தாள். இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி குழந்தையிடம் வந்தாள். அதே வாசனை, இன்னும் காட்டமாக. டப்பா காலியாகி எத்தனையோ நாளாயிற்று; பெருங்காயம் இல்லாமல்தான் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

திருவள்ளூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று மருந்து எழுதினார். ரயிலில் திரும்பும்போது பாக்கியம் மடியில் கனக்கவே இல்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. சுப்பராயன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

குழந்தைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஒரு சாயந்திரம் குப்பாயி வந்தாள். பாக்கியத்துக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவள்தான். கால் கழுவப் பின்பக்கம் போனவள் கழுவாமலே திரும்பி வந்தாள்.

"இன்னாடி பொண்ணே, நான் நட்ட கொம்பையா பட்டுப்போவ உட்ட?"

"நீ நட்டதா?"

"இவ பொறந்தப்போ நஞ்சுக்கொடிய அங்கதான பொதச்சேன். நாயி தோண்டக் கூடாதுன்னு கல்ல வெச்சி, அடையாளத்துக்கு ஒரு பூவரசங்கொம்பு நட்டேன். உங்கம்மாதான் தண்ணி ஊத்திக்கினு இருந்தா. அதுதான் துளுத்து இவ கூடவே வளந்துது. உங்கம்மா சொல்லலியா?"

அம்மா சொல்லவில்லை. பாக்கியத்துக்குத் தலை நிற்பதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குணசுந்தரி எழுந்தாள். உளியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. கிடைத்த தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. இலைகள் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. அவள் தலையில், தோளில்.

தோண்டி எடுத்துவிட்டால் போதும். கழுவிவிட்டால் போதும். அய்யோ, தெரியாமல் செய்துவிட்டேன். தெரியாமல்.

மரத்தைத் தடவினாள். துளை கைக்கு அகப்பட்டது.

களிமண் இல்லை.

கீழே விழுந்திருக்குமோ என்று தரையைத் துழாவினாள். இலைதான் இருந்தது. துளைக்குள் விரலை விட்டாள். ஈரம். சூடு. பெருங்காயம் இல்லை, தூள்கூட இல்லை. உட்புறம் வழவழவென்று மெத்தென்றிருந்தது. பிறகு அது அவள் விரலை ஒருமுறை இறுக்கி, விட்டது. எதையோ விழுங்கப் பார்க்கிற மாதிரி.

விரலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குணா!" உள்ளேயிருந்து குப்பாயியின் குரல். "குணா, இங்க வாடி!"

பாக்கியம் பாயில் இல்லை. விரிசல்மேல் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது.

"கண்ணு, வாயத் தொற. அம்மாவுக்குக் காட்டு."

குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டது. பெரிதாக, ஆவென்று திறந்தது.

குணசுந்தரி சிம்னி விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

நாக்குக்குப் பின்னால், தொண்டையை அடைத்துக்கொண்டு, காய்ந்த களிமண். அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. பள்ளத்தின் குறுக்கே ஒரு தழும்புக் கோடு ஓடியது.