பதினான்கில் எட்டு

காலை ஐந்து மணிக்கு ஜெசிந்தா கையுறை மாட்டினாள். உணர்மானி வில்லையை நெற்றியில் ஒட்டினாள். மணிக்கட்டுத் திரையில் எண்கள் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கின.

இறால் உரிக்கும் கூடம். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. நீல ஒளி மெல்லத் துடித்தது. அதோடு சேர்ந்து ஒரு மெட்டு. அது காதுக்கானது அல்ல, மூளைக்கானது. பெண்கள் அதை ஓட்டி என்றார்கள். ஓட்டி ஓடும்போது கை உரிக்கும்; மனம் எதிலும் நிற்காது, நேரம் போவதே தெரியாது. திரை எட்டு மணி நேரம் காட்டியதும் அவரவருக்குக் கதவு திறக்கும். வெளியே மாலை ஏழு மணியாகி இருட்டியிருக்கும்.

இதில் திருட்டு எதுவும் இல்லை. வேலைநாள் என்பது எட்டு மணி நேரம்; கடிகாரத்தின் எட்டு அல்ல, மூளை உணர்ந்து மானி அளந்த எட்டு மணி நேரம். சட்டம் அப்படி. எட்டுக்கு மேல் ஒரு நிமிடம்கூட யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. அதுவும் சட்டம்.

ஜெசிந்தாவின் கணவன் லூர்து படுக்கையில் கிடந்தான். நுரையீரல். இன்னும் இரண்டு மாதம்தான் என்றார் டாக்டர். அவர் சொன்னது காலண்டர் மாதம். வேலையை விட்டால் ஆக்சிஜன் நின்றுவிடும்; அது ஆலையின் காப்பீட்டில் வருவது.

அன்று மாலை அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"இன்னைக்குப் பொழுது சட்டுனு போயிட்டுங்க," என்றாள்.

"உனக்கு எட்டு. எனக்குப் பதினாலு."

"அவ்வளவு நேரமும் என்ன செய்வீங்க?"

"தெருவுல செருப்புச் சத்தம் கேக்கும். நீதான்னு நெனைப்பேன். மீன்காரியா இருக்கும், போயிருவா. அடுத்த சத்தம் கேக்கும்." சிரிக்கப் பார்த்து இருமினான். "ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல ஒரு வருசம் போவும்ட்டி."

மறுநாள் அவள் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டி வண்டி வரும் கதவு. சக்கரச் சத்தம் கேட்டது. லூர்துதான் என்று நினைத்தாள். எழுந்து நடந்து வந்துவிட்டான். தலையை உயர்த்தினாள். ஐஸ் பெட்டி. கை உரித்தது. மெட்டு இழுத்தது. அவள் அதோடு போகவில்லை. அடுத்த சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

பக்கத்து மேசை பாக்கியம் கேட்டாள். "ஏட்டி, யாரத் தேடுத?"

"எங்க வீட்டுக்காரர."

"கட்டில்ல கெடக்க மனுசன் இங்க எப்படி வருவாரு?"

"வர மாட்டாரு. அதான் பாக்கேன்."

முதுகு வலித்தது. ஓட்டி இத்தனை வருடம் அவளிடமிருந்து மறைத்திருந்த வலி. அதையும் வைத்துக்கொண்டாள்.

திரை எட்டு காட்டியது. கதவு திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. வாசல் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

மேற்பார்வையாளன் திலீபன் ஓடி வந்தான். "யக்கா, மானி கெட்டுப்போச்சு. உள்ள போங்க."

"போட்டுப் பாரு."

வில்லையையும் திரையையும் வாங்கினான்; வில்லையைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனான். கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் பார்த்தான். திரையில் முப்பத்துநான்கு நொடி, பதினாலுக்கு எட்டு என்ற அதே கணக்கு. மானி சரியாகத்தான் இருந்தது.

"உள்ள என்ன செஞ்சீங்க?"

"இறால் உரிச்சேன். கூடைய எண்ணிப் பாரு. காத்துக்கிட்டும் இருந்தேன்."

"யாருக்கு?"

"அதச் சட்டம் கேக்கல தம்பி."

"நாளைக்கு ஓட்டியக் கூட்டி வைப்பாங்கக்கா."

"வைக்கட்டும். நானும் கூட்டுவேன்."

கதவு மூடும்முன் அவள் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. பாக்கியம் தலையை உயர்த்தினாள். அவள் மகன் கப்பலுக்குப் போய் மூன்று வருடம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி உயர்த்தினாள். காத்திருக்க ஆள் இல்லாதவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டு லூர்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினான். அது கடந்து போகக் காத்திருந்தான்.

போகவில்லை.

"லீவா?" என்றான்.

"இல்லங்க. எட்டு மணி நேரம் முடிஞ்சிட்டு."