ஒவ்வொரு கடையாக இருண்ட ஸ்டுடியோ

போட்டோ ஸ்டுடியோ நடத்தும் அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது, நிதானம் ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் இணைப்புகளில் கோளாறு பார்ப்பது அவர் தொழில். பெற்றோர் வைத்த பெயர் வேறு. தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவார் என்பது அவர் மனைவியின் வாக்குமூலம். பக்கத்தில் அவருடைய சகலை, மருந்துக்கடைக்காரர். கடையில் ஆள் இருமிக்கொண்டு நின்றாலும் நிற்கட்டும், இங்கே ஒரு வழக்கு வந்தால் போதும் அவருக்கு.

வழக்கு இதுதான். அக்காவின் அப்பா எடுத்த பழைய படங்களையெல்லாம் அக்கா ஒரு வலைத்தளத்தில் ஏற்றி வைத்திருந்தார். அது ஓடுவதும் ஸ்டுடியோவின் பின்னறைக் கம்ப்யூட்டரில்தான். தெருவில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் இருந்தது ஒரே ஒரு கோட்டு. பாதித் தெருவுக்குக் கல்யாணப் படம் அந்தக் கோட்டில்தான். அப்பா, ஒல்லிக்கு முதுகில் ஊசி குத்தி இறுக்குவார், குண்டுக்குப் பொத்தானைப் பூங்கொத்தால் மறைப்பார். இன்றைக்கும் மனஸ்தாபம் வந்தால் கணவனுக்குத் தெரியாமல் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கிற பெண்கள் உண்டு. யார் யார் என்று சொல்வது நாகரிகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூட மாணவர்கள் கூடுகிறார்கள். பள்ளி இடிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது அப்பா எடுத்த வகுப்புப் படங்கள் மட்டும்; அதைப் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. நேற்று மத்தியானத்திலிருந்து தளம் திறக்கவில்லை.

“செஞ்சது யாருன்னும் எனக்குத் தெரியும்” என்றார் அக்கா. “என் தம்பி.”

தம்பி, ஸ்டுடியோவை மூடிவிடலாம், யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று வெகு நாளாகச் சொல்லிவருகிறவர். நேற்றுக் காலையில், தன்னிடம் இருக்கும் சாவியால் திறந்துகொண்டு வந்து அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாராம். என்ன வேலை என்று கேட்டதற்கு, “சும்மா” என்றாராம். மத்தியானம் தளம் போயிற்று. அக்கா போன் செய்து வாய்க்கு வந்ததைச் சொல்லி, இனி என் வாசப்படி மிதிக்காதே என்றும் முடித்துவிட்டார். அப்பா போன பிறகு இந்த உலகத்தில் அவருக்கென்று இருப்பது அந்த ஒரு தம்பிதான்.

“இன்டர்நெட் வருதா?” என்று கேட்டார் நிதானம்.

அதெல்லாம் வருகிறது என்றார் அக்கா. ஸ்டுடியோ பெயரிலேயே புது மெயில் முகவரி வாங்கியிருக்கிறார். அதில் நேற்றெல்லாம் பழைய மாணவர்களின் பதில்கள் வந்தபடி இருந்தன. சகலைக்கும் அந்த முகவரியிலிருந்து அழைப்பு வந்திருந்தது.

சகலைக்குப் பொறுக்கவில்லை. தெருவில் விசாரித்து வைத்திருந்ததைக் கொட்டினார். மருந்துக்கடையில் தளம் நேற்று மத்தியானம் போனது. தையல்காரர் கடையில் சாயங்காலம்வரை ஓடியது. முடிதிருத்துகிறவர் இன்று காலையில்கூடத் தன் கல்யாணப் படத்தைப் பார்த்திருக்கிறார். “ஒவ்வொரு கடையா பரவுது சகலை. வைரஸ். தம்பி அதை பெட்டிக்குள்ள விட்டுட்டுப் போயிருக்கார்.”

நிதானம் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அக்காவின் கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்தவர் அவர்தான். இன்டர்நெட்டில் அதற்குரிய எண் அவருக்குத் தெரியும். தளத்தின் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணைத் தட்டினார். கோட்டுப் போட்ட மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“படம் எல்லாம் பத்திரமா இருக்கு. சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வர்றோம். உங்க தம்பியையும் நானே கூப்பிடுறேன்.”

சாயங்காலம் ஸ்டுடியோவில் நான்கு பேர். பின்திரையில் வரைந்த நிலா பாதி வெளுத்திருந்தது. தம்பி வாசலோரமாகவே நின்றார், அக்கா சுவரைப் பார்த்தார். சகலை மட்டும் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்கார்ந்தவர்போல் இருந்தார்.

“நீங்க தளத்தோட பேரைச் சொன்னா, கம்ப்யூட்டருக்குப் புரியாது” என்று தொடங்கினார் நிதானம். “அதுக்கு எண் வேணும். இந்தப் பேருக்கு என்ன எண்ணுன்னு கேட்டா பதில் சொல்லவே தனியா ஒரு ஆள் உண்டு. டி.என்.எஸ்.னு சொல்றது அதைத்தான். வீடு அப்படியே நிக்குது, வழி சொல்ற ஆள்தான் வாயடைச்சுப் போயிட்டார்.”

“அப்ப ஏன் ஒவ்வொரு கடையா?” என்றார் சகலை.

“ஒவ்வொரு தடவையும் யாரும் வழி கேக்கிறதில்லை. ஒரு தடவை கேட்டதை இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி ஒரு நாளோ ரெண்டு நாளோ ஞாபகம் வச்சுக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு கம்பெனி, ஒவ்வொன்னும் கேட்ட நேரம் வேற. பரவல சகலை. ஞாபகம் தீர்ந்துபோகுது.”

கையோடு கொண்டுவந்த கேபிளை நிதானம் மேசைமேல் வைத்தார்.

“மத்தியானம் செத்ததுன்னு நாம நினைச்சோம். காலையில தம்பி வந்ததால அவர்மேல பழி. ஆனா தளம் அதுக்கு முந்தின நாளே செத்துப்போச்சு. தெரு ஞாபகத்துலதான் அது நேத்து ஓடிக்கிட்டிருந்தது. அதனால கேள்வி இதுதான்: முந்தின நாள் இந்தப் பேரைத் தொட்டது யார்?” அக்கா பக்கம் திரும்பினார். “புது மெயில் எப்ப வாங்கினீங்க?”

அக்காவின் முகம் மாறியது. முந்தின நாள் சாயங்காலம்தான். மெயில் கம்பெனிக்காரன் திரையில் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போயிருந்தார். வழி சொல்லும் பொறுப்பையே அவனிடம் மாற்றட்டுமா என்றும் ஒரு கேள்வி இருந்தது. பொறுப்பு மாறியது. புது ஆளுக்கு மெயில் எங்கே போக வேண்டும் என்று தெரியும்; படங்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை.

“மெயில் மட்டும் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே சந்தேகம்” என்ற நிதானம், அக்காவையே அந்த மெயில் கம்பெனியின் பக்கத்துக்குள் நுழையச் சொல்லி, விட்டுப்போன எண்ணைச் சேர்த்தார். கடைகளுக்கு ஒவ்வொன்றாகத்தான் திரும்ப வரும், ஞாயிறுக்குள் எல்லோருக்கும் வந்துவிடும் என்றார்.

அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்; கோபத்திலேயே வழி தேடியது.

“அப்படின்னா காலையில எதுக்குடா திருடன் மாதிரி வந்த?”

தம்பி தரையைப் பார்த்தார். “ஒரு படத்தை அழிக்க.”

சகலை நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“எனக்கு அஞ்சு வயசு. லைட்டு சரியான்னு பாக்க, உன் கவுனை மாட்டிவிட்டு அப்பா என்னை நிறுத்தினாரே. அழுதுகிட்டு நிப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்கூடப் படிச்சவன் அத்தனை பேரும் வர்றானுங்க. பெரிய திரை வேற, வரிசையா ஓட்டினா அதுவும் வந்துடும்.”

“அழிச்சிட்டியா?”

“இல்ல. ஓரத்துல ஒரு கை என்னைப் பிடிச்சிருக்கு. அழிச்சா அதுவும் போயிடும்.”

அக்கா சுவரை விட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். பிறகு, “கை மட்டும்தானே தெரியுது. என் கைதான்னு எப்படிச் சொல்ற?” என்றார்.

“நகம் ஒன்னுகூட மிச்சமில்ல. எல்லாம் கடிச்சு வச்சிருக்க.”

நிதானம் கேபிளை எடுத்துக்கொண்டு, வர மறுத்த சகலையின் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். கதவு சாத்தும்போது சகலை எட்டிப் பார்த்ததில் கண்டது இவ்வளவுதான்: தம்பி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்; எதிரே அக்கா, பத்து விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டு.