தன்னிறைவு பெற்ற வார்டு

நகராட்சிக் கூடத்தின் சுவர்த்திரையில் உப்பளமேடு வார்டு பச்சை நிறத்துக்கு மாறியது. "தன்னிறைவு பெற்ற பகுதி. புதிய குடிநீர்க் குழாய் தேவையில்லை" என்று அறிவித்தது வருங்கணிப்பி.

திட்ட அலுவலர் பிரமநாயகம் திரையிலிருந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கைபடாச் சட்டம் வந்ததிலிருந்து ஐந்தாண்டுத் திட்டத்தைத் தீட்டுவது அந்த இயந்திரம்தான். ஊரின் பதிவுகளையெல்லாம் படித்து, எந்த வார்டு நாளை எப்படி இருக்கும் என்று கணித்து, நிதியைத் தானே பிரித்துவிடும்; அதை யாரும் மாற்ற முடியாது. மனிதக் கை பட்டால் கமிஷன் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் அரசு இந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. முன்பு அந்தக் கூடத்தில் தீட்டிய திட்டங்களில் பாதி, ஒப்பந்தக்காரர் வீட்டு மாடியாகத்தான் எழும்பியிருந்தன.

உப்பளமேட்டு உறுப்பினர் ரோஸ்மேரி எழுந்தார். "என்னது, தன்னிறைவா? வெலைக்கு வர்ற லாரித் தண்ணிக்கு எங்க சனம் அடிச்சிக்கிட்டுக் கெடக்கு. உப்புத் தண்ணியக் குடிச்சிக் குடிச்சி எம் மவனுக்குக் கிட்னில கல்லு. எந்திரத்துக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?"

ஆணையர் தமயந்தி காரணம் கேட்டார். வருங்கணிப்பி பொறுமையாக விளக்கியது. "உப்பளமேட்டின் குடிநீர்ப் புகார்கள் எல்லாம் வந்த வாரமே தீர்ந்திருக்கின்றன. ஆனால் நகராட்சி அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. ஆகவே மக்கள் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள்."

பிரமநாயகம் தலை நிமிரவில்லை. வாரக் கடைசியில் தேங்கிய புகார்களையெல்லாம் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவது அலுவலக வழக்கம். புகாரில்லா நகராட்சிக்குக் கேடயம் தருவார்கள், அதற்காகத்தான். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. அந்தப் பதிவை மூடுகிறவர்களே நம்பியதில்லை. அதை அட்சரம் பிசகாமல் நம்புகிற ஒன்று வந்து உட்காரும் என்று யார் கண்டது?

பொய்ப்பதிவை ஒப்புக்கொண்டால் மட்டுமே கணிப்பு திருந்தும். ஒப்புக்கொண்டவருக்கு வேலை போய்விடும். இடைவேளையில் ஆணையர் அவரைத் தனியே அழைத்தார்.

"பேசாம இருங்க நாயகம். பென்ஷனும் சேர்ந்து போயிரும். அஞ்சு வருஷம்தானே, ஓடிரும்."

"ஓடிரும் மேடம். அந்தப் பையன் கல்லோட ஓடணுமே."

எப்போதும் எதற்கும் தலையாட்டியே பழகியவர் அவர். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. ஊர் முன்னால் நின்று ஆறு ஆண்டுப் பொய்ப்பதிவுகள் எல்லாவற்றையும் சொன்னார். சொன்னதும் நெஞ்சு லேசானது.

"ஆறு ஆண்டுகளாகக் குடிநீர் வழங்கவே இல்லை என்பது உறுதியா?" என்று கேட்டது வருங்கணிப்பி.

"உறுதி."

"மக்கள் வெளியேறினார்களா?"

"இல்ல. பொறந்த ஊர விட்டு எங்க போவாங்க?"

"நன்றி. பதிவு திருத்தப்பட்டது."

உப்பளமேடு பச்சையிலிருந்து 'நீரில்லாப் பகுதி' என்ற சிவப்புக்கு மாறியது. ரோஸ்மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். இனிக் குழாய் வந்துவிடும் என்று கைதட்டல்கூட எழுந்தது. அது அடங்குவதற்குள் பக்கத்து வார்டும் சிவந்தது. பிறகு அதற்கடுத்தது. பிறகு ஊர் முழுவதும்.

"நீர் வழங்காவிட்டாலும் மக்கள் வெளியேறுவதில்லை என்பது புதிய தரவு," என்றது வருங்கணிப்பி. "இதுவரை வெளியேறுவார்கள் என்று கருதியே எல்லா வார்டுகளுக்கும் நிதி ஒதுக்கினேன். அந்தச் செலவு தேவையில்லை. ஐந்தாண்டுத் திட்டம் இறுதியாக்கப்பட்டது."

"நிறுத்து! நிறுத்து!" என்று ஆணையர் மேசையைத் தட்டினார். கைபடாச் சட்டம் ஆணையர் கைக்கும் பொருந்தும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையை உறுப்பினர்கள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரமநாயகம் நாற்காலியில் சரிந்தார். வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. ரோஸ்மேரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லாரித் தண்ணி புடிக்க உங்க வீட்டுல குடம் எத்தன சார் இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் பிரமநாயகத்துக்குத் தாங்கவில்லை.