விளிம்பு வரை ஊற்றியவன்

போன் அடித்தது.

பெய்ஷான் எடுக்கவில்லை. வாய் நிறைய நூடுல்ஸ். மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு அந்த நேரத்தில் யார் போன் பண்ணப் போகிறார்கள்?

மறுபடி அடித்தது.

"யாரு?"

"லூ பெய்ஷான்? பெய்ஜிங்ல அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்ல உதவியாளரா இருக்கறவங்கதானே?"

"ஆமா. நீங்க?"

"போலீஸ். இன்ஸ்பெக்டர் ஹோ. காலையில ஹாஸ்கெல் வீட்டு வாசல்ல நின்னீங்க. சந்து கேமராவுல பார்த்தோம்."

"நின்னேன். கதவைத் தட்டினேன். திறக்கல. வந்துட்டேன்."

"இனிமே திறக்கவும் மாட்டார். மண்டை உடைஞ்சு கிடக்கார். கொஞ்சம் வந்துட்டுப் போங்கம்மா."

பெய்ஷான் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

வாரன் ஹாஸ்கெல். அமெரிக்கத் தூதரகத்தில் காலம் தள்ளிய கிழவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. பழைய சந்து ஒன்றில் முற்றம் வைத்த வீடு. அமெரிக்கக் கம்பெனிக்காரர்களைச் சீன அதிகாரிகளோடு சேர்த்து வைக்கும் ஆலோசனைத் தொழில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் அமெரிக்காவில் ஆரிகனில், கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்கிற தூரத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெய்ஷானுக்கு போன் செய்வார். செய்தி ஒன்றும் இருக்காது. முட்டைக்கோஸ் விலை, முழங்கால் வலி, எதிர்வீட்டு நாய். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். வாரம் முழுக்க வேலையைப் பற்றி இல்லாமல் அவளோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

நேற்று மட்டும் குரல் வேறாக இருந்தது.

"என் தொழில்ல ஒரு அசிங்கம் நடந்திருக்கு பெய்ஷான். சொல்லிடணும். உன் முதலாளி வேண்டாம், நீ மட்டும் வா..."

டாக்சியில் ஏறியதும் அந்த முதலாளியைத்தான் கூப்பிட்டாள். டேல் பிராக்மன். அலுவலகத்தின் தலைமை நிருபர்.

"டேல், ஹாஸ்கெலை யாரோ கொன்னுட்டாங்க. போலீஸ் என்னைக் கூப்பிடுது."

"கேள்விப்பட்டேன். நியூயார்க் வக்கீல்கிட்ட பேசினேன். இதைப் பத்தி உங்கூடப் பேசக் கூடாதுங்கறார்."

"எட்டு வருஷமா உங்ககூடத்தானே பேசிட்டிருக்கேன்."

"அதனாலதான். கோவிச்சுக்காதே. நீ சீனப் பிரஜை. எங்க தூதரகம் உனக்காக வாயத் திறக்க முடியாது."

போன் வைக்கப்பட்டது.

சீனக்காரர்களுக்கு அவள் வெள்ளைக்காரன் ஆள். வெள்ளைக்காரனுக்குச் சீனக்காரி. சொந்த ஊரான தாத்தோங்கில், நிலக்கரித் தூசு படிந்த சுரங்கக் குடியிருப்பில், மகள் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பதாகத்தான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகச் செல்போன் அரட்டைக் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். சண்டை எதுவுமில்லை. பயம்தான்.

சுரங்கத்தில் ஆள் மாட்டிக்கொண்டால்கூட மேலே நின்று நாலு பேர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

இங்கே ஒருவரும் இல்லை.

* * *

ஹாஸ்கெல் வீட்டிலிருந்து உடலை எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் சாக்பீஸ் கோடு. அவர் உட்கார்ந்து போன் பேசும் பிரம்பு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கக் கை போனது.

"தொடாதீங்க" என்றார் ஹோ. வழுக்கை, தொப்பை, தூக்கமில்லாத கண். "உட்காருங்க. சண்டை எதனால?"

"என்ன சண்டை?"

"பாரும்மா, நானும் பெய்ஜிங்காரன். இந்த மேஜையில டீ இருந்துச்சு. வந்தவங்க பக்கத்துக் கப், விளிம்பு வரைக்கும். இன்னொரு சொட்டு விட்டா வழியும். அதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் தெரியாத ஆள் அந்த ஊரில் இல்லை. விருந்தாளிக்கு டீயை முக்கால் கப்தான் ஊற்ற வேண்டும். ததும்பத் ததும்ப ஊற்றினால், 'எழுந்து போ' என்று சொல்லாமல் சொல்வது.

"கிழவர் உங்களை வெளிய போகச் சொல்லியிருக்கார். உங்களுக்கு ரோஷம். இங்க இருந்த கல் சிங்கப் பொம்மையால பின்னாடி இருந்து ஒரே அடி. கேமரா இல்லாத பின்வாசல் வழியா வெளியேறி, முன்வாசல்ல வந்து தட்டுற மாதிரி கேமராவுக்கு ஒரு நாடகம். சரியா?"

"நல்லா இருக்கு. ஆனா நான் உள்ளேயே வரல."

"வந்தது யாரு? வேற பேரு சொல்லுங்க."

சொல்ல ஒரு பெயரும் இல்லை. அவள் மேஜையையே பார்த்தாள். கப்புகள் இல்லை, பரிசோதனைக்குப் போய்விட்டன. மரத்தில் ஈர வட்டங்கள் மட்டும் காய்ந்திருந்தன.

இரண்டு வட்டங்கள்.

"ஐயா, அவரோட கப் எவ்வளவு இருந்துச்சு?"

ஹோ செல்போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். புருவம் ஏறியது.

"அதுவும்... விளிம்பு வரைக்கும்."

"வந்தவனை வெளிய போகச் சொல்லலாம். தன்னைத் தானே யாராவது வெளிய போகச் சொல்வாங்களா?"

ஹோ படத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஒரு சிகரெட்டை எடுத்து, பற்ற வைக்காமல் காதில் செருகினார்.

"போன குளிர்காலத்துல அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு" என்றாள் பெய்ஷான். "வலது கை நடுங்கும். யார் வந்தாலும் வந்தவங்கதான் ஊத்தணும். இதை ஊத்தினது கொலைகாரன். அர்த்தம் தெரியாம ஊத்தியிருக்கான்."

"அப்ப வெளிநாட்டான்."

பெய்ஷான் தலையாட்டினாள்.

"இந்த வீட்டுக்கு வந்து போற வெளிநாட்டான் உங்க பிராக்மன் ஒருத்தர்தான். காலையில எங்க இருந்தார்?"

"தெரியாது. ஆபீஸுக்கு லேட்டா வந்தார்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வழக்கு டேல் பிராக்மன் கழுத்தில் விழும். அவனுக்கு வக்கீல் உண்டு, தூதரகம் உண்டு. அவள் வீட்டுக்குப் போகலாம்.

சும்மா இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

"அவர் இல்ல ஐயா" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"வந்த புதுசுல ஒரு அதிகாரிக்கு விளிம்பு வரைக்கும் ஊத்தி, பேட்டியே கெட்டுப் போச்சு. அப்புறம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் தப்பா ஊத்தினதே கிடையாது."

"அவரை விட்டுட்டா மிச்சம் நீங்கதாம்மா."

"தெரியும்."

"அவர் உங்களுக்காக வந்தாரா?"

"வரல."

ஹோ அவளை நிமிர்ந்து பார்த்தார். முட்டாளைப் பார்க்கிற பார்வைதான். ஆனால் அதில் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது.

"சரி. பிராக்மனைக் கூப்பிடறேன், சொல்லிக் கொடுத்ததைச் செஞ்சு காட்டட்டும். கப் விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வாயத் திறக்காதீங்க."

* * *

டேல் பிராக்மன் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெய்ஷானின் கண்ணைப் பார்க்கவில்லை. கூடவே ஃபாங் ஷிஹெங் வந்தான். ஹாஸ்கெலின் தொழில் பங்காளி. பட்டுச் சட்டை, மணிக்கட்டில் சந்தன மணி, மணிமணியான பெய்ஜிங் பேச்சு. உள்ளே நுழைந்ததும் சாக்பீஸ் கோட்டுக்கு மூன்று முறை குனிந்து வணங்கினான்.

"லூ தங்கச்சி, ரொம்ப இளைச்சுட்டியே. கவலைப்படாதே, அண்ணன் இருக்கேன்."

"நேத்து வரைக்கும் எனக்கு அண்ணனே கிடையாது" என்றாள் அவள்.

"நீங்க எங்க இருந்தீங்க சார்?" என்றார் ஹோ.

"தியான்ஜின்ல. விஷயம் கேட்டதும் ஓடி வரேன்."

"பாவம். எல்லாருக்கும் தொண்டை வறண்டிருக்கும். மிஸ்டர் பிராக்மன், ஒரு டீ ஊத்துங்களேன்."

டேல் விழித்தான். ஆனாலும் எழுந்து, போலீஸ்காரர் கொண்டு வந்து வைத்திருந்த டீ கெட்டிலை எடுத்தான். பெய்ஷான் அவன் கையையே பார்த்தாள். தவறிப் போய்க் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால்கூட அவன் காலி. சரியாக ஊற்றினால் அவள்தான்.

அவள் கப். முக்கால்.

தன் கப். முக்கால்.

ஹோ அவளைப் பார்த்தார். 'ஜெயிச்சுட்டீங்க. தோத்துட்டீங்க' என்றது அந்தப் பார்வை.

"அட, இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வெள்ளைக்காரன் ஊத்தறதா?" ஃபாங் சிரித்தபடி கெட்டிலை வாங்கிக்கொண்டான். "நம்ம மரியாதை நமக்குத்தான் தெரியும்..."

இரண்டு கையாலும் பிடித்தான். தலையைத் தாழ்த்தினான். பணிவாக ஊற்றினான்.

முக்கால் தாண்டியது...

முழுசாயிற்று...

விளிம்பில் மேடு கட்டி நின்றது.

ஹோ கப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னை வெளிய போகச் சொல்றீங்களா சார்?" என்றார் ஹோ.

"ஐயோ, மரியாதைக்குத்தான் நிறைய ஊத்தினேன்!"

"சாராயத்தை நிறைய ஊத்தினா மரியாதை. டீயை ஊத்தினா, கிளம்புன்னு அர்த்தம். எங்க வளர்ந்தீங்க?"

ஃபாங்கின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. டேல்தான் பதில் சொன்னான்.

"ஒஹாயோவுல. கைக்குழந்தையா இருக்கும்போதே கொண்டு போயிட்டாங்க. அமெரிக்க பாஸ்போர்ட்."

பெய்ஷானுக்கு விளங்கிவிட்டது. முப்பது வயதுக்கு மேல் வந்து, பேச்சைக் கற்று, முகத்தைக் காட்டித் தொழில் நடத்தியவன். மரியாதை கற்றதெல்லாம் வியாபார விருந்துகளில், சாராயக் கோப்பையோடு. டீ ஊற்ற ஆபீஸில் ஆள் இருந்தது. முகம் இந்த ஊர்க்காரன் முகமாக இருந்ததால், யாருக்கும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை.

"அதுக்காக?" ஃபாங்கின் குரல் ஏறியது. "ரெண்டு கப்பு நிறைஞ்சிருந்தா நான்தான் கொன்னேன்னு அர்த்தமா?"

ஹோ காதிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

"எந்த ரெண்டு கப்பு சார்? தியான்ஜின்லேர்ந்து தெரிஞ்சுதா?"

ஃபாங் பின்வாசலைப் பார்த்தான். அங்கே ஏற்கெனவே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

விலங்கு மாட்டும்போது எல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. கம்பெனிக்காரர்களுக்கு அவன் விருந்து வைத்துக் காட்டிய 'துணை அமைச்சர்', ஓய்வு பெற்ற நாடக நடிகர். கிழவர் கண்டுபிடித்துவிட்டார். பத்திரிகைக்குச் சொல்லப் போகிறார் என்று தெரிந்து, விடிந்ததும் பின்வாசல் வழியாகச் சமாதானம் பேச வந்திருக்கிறான். டீ ஊற்றிக் கெஞ்சியிருக்கிறான். கிழவர் கப்பைத் தொடவே இல்லை, சமாதானத்துக்கு மசியவும் இல்லை.

"கப்பைப் பார்த்துட்டு, 'நீ என்னை அவமானப்படுத்திட்டே'ன்னு கிழவன் சொன்னான்" என்று முனகினான் ஃபாங். "எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல..."

* * *

சந்தில் டேல் அவள் தோளைத் தட்டினான்.

"பிரமாதம் பெய்ஷான். விவரமெல்லாம் சீக்கிரம் அனுப்பு, நான் எழுதிடறேன். நாளைக்கு முதல் பக்கம்."

கார் கிளம்பியது. ஏறிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

ஹோ பக்கத்தில் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சது நீங்க. உங்க பேரு வருமாம்மா?"

"வராது. வெளிநாட்டுப் பேப்பர்ல சீனக்காரி நிருபரா இருக்கக் கூடாதுன்னு நம்ம சட்டம். நான் உதவியாளர்தான்."

"பின்ன யாரு பேருதான் வரும்?"

பெய்ஷான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க பேப்பர்ல பேரு வரணும்னா ஒண்ணு அமெரிக்கனா இருக்கணும், இல்லாட்டிக் கொலைகாரனா இருக்கணும். ஃபாங் கெட்டிக்காரன் ஐயா, ரெண்டு வழியிலயும் விண்ணப்பம் போட்டுட்டான்."