முச்சந்தி டாங்கி

“ஏன், உன் வாசல் மட்டும் இன்னா வெண்ணெயில செஞ்சதா? அது பாத்தா உருகிடுமா?”

“உருகாதுடி. ஆனா வெள்ளிக்கெழம எம் பொண்ண பாக்க குடுபல்லியிலருந்து வர்றாங்க. கார விட்டு எறங்கினதும் மூஞ்சிக்கு நேரா பீரங்கி நின்னா இன்னா நெனப்பாங்க?”

“நல்லதுதான! பொண்ணு வேணாம்னு போனா பழிய பீரங்கி மேல போட்டுக்கலாம்.”

குழாயடியில் குடத்தோடு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். கன்னிகா சொன்னதைவிட அவர்கள் சிரித்ததுதான் தாட்சாயணிக்குச் சுருக்கென்றது.

எதிரெதிர் வீட்டுக்காரிகளான இந்த இருவருக்கும் நடுவே, நகரி முச்சந்தியில், நாற்பத்தொரு டன் எடையோடு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது டாங்கி. ராணுவம் ஓய்வு கொடுத்து அனுப்பிய டி-72. ஊருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கேட்டு வாங்கி, நாலு நாள் முன்பு ட்ரெய்லரில் கொண்டுவந்து மேடையேற்றி, பச்சை பெயின்ட் அடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயும் உடைத்தார்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அது தாட்சாயணி வீட்டு நிலைவாசலைப் பார்த்தது. தெருக்குத்து என்றாலே பாதி விலைக்குக் கேட்கிற ஊர். இது பீரங்கிக்குத்து.

குழலின் வாயை மரத்தட்டால் அடைத்திருந்தார்கள். உள்ளே குண்டில்லை, பேட்டரி இல்லை, சொட்டு எண்ணெய்கூட இல்லை. அப்படியிருந்தும், சண்டை போட்ட இரண்டு பேருமே அதன் நேர்கோட்டிலிருந்து ஒரு முழம் விலகி நின்றுதான் கத்தினார்கள். ஏன் விலகினோம் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

அன்று மதியம் தாட்சாயணி ‘மிலிட்டரி’ நாகபூஷணத்தைப் பிடித்தாள். அதே வகை டாங்கியில் பதினெட்டு வருஷம் கன்னராக, அதாவது குறிபார்த்துச் சுடுகிறவராக இருந்தவர். டாங்கியின் மூடிக்குப் பூட்டும் சாவியும் அவர் பொறுப்பில்தான்.

“அண்ணா, கையால திருப்பலாம்னு நீங்கதான சொன்னீங்க. கன்னிகா வூட்டுப் பக்கம் திருப்பி வுட்டுடுங்க.”

“வத்து தல்லி, வேணாம். அவங்க வூட்டுக்குப் பக்கத்துல காலி மனை கீது பாரு, அத பாக்கற மாதிரி வச்சிடறேன். யாருக்கும் தொல்ல இல்ல.”

நல்ல யோசனைதான். வேறு யாராவது என்றால் ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் காலி மனையைப் பார்த்தால் யாருக்கு வலிக்கும்? குழாயடிச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கன்னிகா வாசல்தான் வேண்டும் என்று நின்றாள்.

நாகபூஷணம் பெருமூச்சு விட்டார். “உள்ள குந்திக்கினு குறிபாக்கற சைட்ல பாத்தா வாசல் எது செவுரு எதுன்னு தெரியாது. அங்க ஒரு ஆள நிக்க வையி. ஆளப் பாத்துதான் திருப்பணும்.”

கன்னிகா வீட்டில் மதியத் தூக்கம். அந்தப் பக்கத்து ஆளை எப்படிக் கூப்பிடுவது? புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் தரணி அப்போதுதான் வந்து தட்டில் கை வைத்திருந்தாள்.

“அப்புறம் துன்னலாம். போய் அவ வாசல்ல ரெண்டு நிமிஷம் நில்லுடி.”

“யம்மா, உனக்கும் அவங்களுக்கும் வேற வேலையே இல்லியா?” என்று தரணி போனைப் பார்த்துக்கொண்டே போய் நின்றாள்.

தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே தாளத்தில் தடதடத்துக்கொண்டிருந்த நேரம் அது. திடீரென்று கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசித் தறியும் நின்றபிறகு, வெயில் மட்டும் மிச்சமிருந்த அந்த அமைதியில், டாங்கியின் வயிற்றுக்குள்ளிருந்து காய்ந்த பல்சக்கரத்தின் சத்தம் கேட்டது. எலும்பைச் சவைப்பதுபோல நிதானமாக. குழல் தாட்சாயணி வாசலை விட்டு நகர்ந்து, பெட்டிக்கடையைக் கடந்து, தரணியைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது. அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது.

“போதும் அண்ணா! வாங்க!”

பத்து நிமிஷம் அவர் வரவில்லை. வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. படியிறங்கியவர் தாட்சாயணி முகத்தைப் பார்க்கவில்லை.

“தாண்டிப் போனது நான் சுத்துனது. திரும்பி வந்தது நான் இல்ல.”

வெயில் மண்டையில் ஏறிவிட்டது, பாவம் என்று நினைத்து அவள் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பையன் மோகன்ராஜ், குப்பம் டவுனில் செல்போன் கடை, அடக்கமான பேச்சு. பெண்ணைப் பிடித்துப்போனது. கன்னிகா மட்டும் சும்மா இருப்பாளா? வார்டு சச்சிவாலய ஆபீசில் மனு கொடுத்து, நாலு பேரைக் கூட்டி, யாரும் இனி உள்ளே போகக்கூடாது என்று மூடிகளுக்கெல்லாம் வெல்டிங் வைக்கச் செய்தாள். குழலில் கண் முழித்த திருஷ்டி பொம்மை ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டாள்.

வெல்டிங் வைத்த மறுநாள் காலை குழல் புத்தூர் ரோட்டைப் பார்த்தது. மாலையில் தாட்சாயணி வீட்டைப் பார்த்தது.

தெருவே கொந்தளித்தது. கன்னிகா ஆள் வைத்துத் திருப்பினாள் என்று தாட்சாயணி கத்த, உன் புருஷன் ஆதிநாராயணன் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில்தானே இருக்கிறான், ராடு கொண்டுவந்து நெம்பினான் என்று கன்னிகா திருப்பிக் கத்த, ஒரு வாரம் யார் வீட்டிலும் சோறு சூடாக இல்லை. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டது. எல்லோரும் கவனித்தது ஒன்றைத்தான்: குழல் என் வீட்டைப் பார்க்கிறதா, இல்லையா?

குழல் வீட்டைப் பார்க்கவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டது தாட்சாயணிதான்.

மாடியில் காய்ந்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரை. கரண்ட் இல்லை, தறிகள் இல்லை. அந்தச் சவைக்கும் சத்தம் கேட்டது. புத்தூர் பக்கம் இருந்த குழல், கடிகார முள்ளைப்போல, பார்த்தால் தெரியாத வேகத்தில் பஸ் நிறுத்தத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்கவும் பஸ் வந்து நின்றது. தரணி இறங்கினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். குழலும் வந்தது. பெட்டிக்கடையில் நின்றாள். நின்றது. நடந்தாள்.

மிளகாய் நெடியையும் மீறி மூக்கில் டீசல் ஏறியது. சொட்டு எண்ணெய் இல்லாத வண்டி.

மறுநாள் சோதித்தாள். தரணியைச் சர்க்கரை வாங்க அனுப்பினாள். சர்க்கரை இருந்தும் வெல்லம் வாங்க அனுப்பினாள். முதல் தடவை குழல் கொஞ்சம் பின்தங்கியது. இரண்டாம் தடவை பின்தங்கவில்லை. அதற்குள் பழகிக்கொண்டுவிட்டது.

நாகபூஷணத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டி நம்பரைப் பாத்ததுமே எனக்குத் தெரியும்மா. ரெண்டாயிரத்து ரெண்டுல பார்டர்ல பத்து மாசம் எங்க லைன்ல நின்ன வண்டி. எதிர்ல ஒரு காவல் கோபுரம். தெனம் அதும்மேல குறி வைப்போம், சுடலாம்னு ஆர்டர் வராது, குறிய எடுத்துடுவோம். பத்து மாசம். இதோட கூடப் பொறந்ததெல்லாம் எந்தெந்த தேசத்துலயோ சண்ட போட்டு, தல பறந்து, எரிஞ்சிப்போச்சி. நீ போன்ல பாத்திருப்ப. இது ஒண்ணுதான் இதுவரிக்கும் எவன்மேலயும் சுடல.”

“அதுக்கு எம் பொண்ணு இன்னா பண்ணுவா?”

“பார்டர்ல குறி வச்சா, எடுத்துட்டுதான் எறங்குவோம். அன்னிக்கி உம் பொண்ணுமேல வச்சத எடுக்காம எறங்கிட்டேன். பயந்துட்டேன்.”

“இப்ப போய் எடுங்க! வெல்டிங்கு தான? வெட்டச் சொல்றேன்!”

அவர் மறுத்துத் தலையாட்டினார். “பழைய டாங்கில நாலு பேர் இருப்போம். இதுல குண்ட எடுத்துத் தர்றதுக்கு ஆள் வேணாம்னு மிஷின் வச்சான். அதான் மூணு பேர். காலுக்கடியில வட்டமா இருபத்திரெண்டு குண்டு, அதும்மேல குந்திக்கினு இருப்போம். நேத்து போய் இரும்புமேல காத வச்சிக் கேட்டேன்.” குரலை இறக்கினார். “மூணு பேரும்கூட வேணாம்னு ஆயிட்டுது தல்லி.”

மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரேணிகுண்டாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். சாவியைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று தெரு பேசிக்கொண்டது.

தாட்சாயணி கல்யாணத்தை அவசரப்படுத்தினாள். தைக்கு வைத்ததைக் கார்த்திகைக்கு இழுத்தாள். “என்ன தொரத்தறதுலயே குறியா கீற” என்று தரணி அழுதாள். என்னவென்று சொல்வது? கன்னிகாவைக் குத்துவதற்கு உன்னை நிறுத்தினேன் என்றா?

தரணி புருஷன் வீடு போன அன்று குழல் மேற்கே திரும்பியது. மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது, தூரத்தைப் பார்ப்பதுபோல. எட்டு மாதம் அப்படியே நின்றது. தெருவுக்கு நிம்மதி. மேற்கே யார் வீடும் இல்லை, நெல் வயல்தான். தாட்சாயணி மட்டும் தினம் காலையில் கோலம் போட வரும்போது ஒரு தடவை அதை நிமிர்ந்து பார்ப்பாள். மேற்கேதான் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் மகள் குடுபல்லியில் நன்றாக இருக்கிறாள். இப்படி ஒரு ஆறுதல்.

ஏழாம் மாதம். நீ இங்கே வராதே, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் பத்து தடவை சொன்னாள். பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்கு வராதே என்று சொல்கிற அம்மாவை ஊர் என்ன சொல்லும்? தரணி போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாட்சாயணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தறிகள் நின்றன.

சத்தம்.

ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். குழல் மேற்கை விட்டிருந்தது. வயலைத் தாண்டியது. ரயில்வே கேட்டைத் தாண்டியது. பெட்டிக்கடை. திருஷ்டி பொம்மை லேசாக ஆடியது.

சொல்லாமல் கொள்ளாமல் மோகன்ராஜின் கார் வந்து நின்றது.

“எறங்காத! தரணி, எறங்காத!”

இறங்கினாள். ஒரு கையைக் காரில் ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்து, சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். குழல் அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

பிறகு இறங்கியது.

நாலு விரற்கடை. இன்னும் நாலு.

வயிற்றுக்கு நேராக.

அங்கே நின்றது.

குழந்தை ஐப்பசியில் பிறந்தது. பெண். தரணி நாலு மாதம் இருந்துவிட்டு, குவைத் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து மோகன்ராஜோடு விமானம் ஏறினாள். ஒரு வருஷம், அப்புறம் பாப்பாவை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றாள். அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்ற வருத்தம் அவளுக்கு இருந்தது. ஆனாலும் குழந்தையை வேறு யாரிடம் விடுவது? கன்னிகாவும் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சந்திரகிரியில் தங்கை வீட்டுப் பக்கம் போய்விட்டாள். போகிற அன்று அவள் சண்டை போடவில்லை. தாட்சாயணியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

விமானம் போன அன்று தாட்சாயணி மாடியில் நின்று குழலையே பார்த்தாள். திரும்பு, அவளோடு போ, வானத்தைப் பார் என்று தான் பெற்ற பிள்ளைக்கு எதிராகவே வேண்டிக்கொண்டாள்.

அது திரும்பவில்லை.

இப்போது அவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உத்தரத்தில் தூளி. ஜன்னலுக்கு அப்பால் முச்சந்தி. தூளி இடப்பக்கம் போகிறது. குழல் இடப்பக்கம் போகிறது. வலப்பக்கம். வலப்பக்கம். இப்போதெல்லாம் சத்தமே இல்லை.

கை ஓய்ந்தால் தூளி நிற்கும். தூளி நின்றால் அதுவும் குறி வைத்து நிற்கும்.

விடியற்காலையிலிருந்து அவள் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.