பொறாமை நிற வேன்

ஜெபினா உதைத்த பந்து மெதுவாகத்தான் போனது. கோல்கீப்பர் அவள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தான். கண்கள் கலங்கின. ஒதுங்கி நின்றான். அது அவளுடைய பதினோராவது கோல். ஒன்றைக்கூட யாரும் தடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, கூட்டிப்போக வந்த வேனில் ஏற அவள் மறுத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் எல்லாப் பலகைகளும் 'உணர்மை'யால் எழுதப்பட ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. பார்ப்பவர் மூளையில் ஓர் உணர்வை நேராகக் கிளறிவிடும் மை அது. ரயில்வே கேட்டில் பயம், ரேஷன் கடையில் பொறுமை, பரோட்டாக் கடையில் பசி. படிக்க வேண்டாம், கண்ணில் பட்டால் போதும்.

அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தைகளைச் சனிக்கிழமைதோறும் ஒன்றுசேர்த்துப் பேசவும் விளையாடவும் வைக்கும் அமைப்பு 'தோள்'. அதன் சின்னத்தை வரைந்தவர் பலகை எழுதும் சங்கரநயினார். இரண்டு கைகள், நடுவே ஒரு விளக்கு, அதன்மேல் மூன்று பூச்சு இரக்கம். வேனிலும் பேட்ஜிலும் அதுதான். கமிட்டிக்குப் பரம திருப்தி. குழந்தைகளுக்குப் போகுமிடமெல்லாம் லட்டும் உச்சுக்கொட்டலும் கிடைத்தன. கூட விளையாட ஆள் கிடைக்கவில்லை.

'தோள்' நடத்தும் டெய்சி டீச்சர் ஜெபினாவை நயினாரிடமே கூட்டிவந்தார். இவள் வராவிட்டால் மற்ற பதினாலு பேரும் வரமாட்டார்கள், கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்.

"மாமா, எங்கம்மா செத்துட்டாங்க. அது எனக்குத் தெரியும்," என்றாள் ஜெபினா. "மார்க்கெட்டுக்கெல்லாம் எதுக்குச் சொல்லுதிய?"

நயினார் பேனாவை அவளிடமே கொடுத்தார். வேன்மேல் ஏறி நின்று போஸ்டர் தின்னும் ஓர் ஆட்டை அவள் வரைந்தாள். போஸ்டரில் யாரோ ஒரு தலைவரின் மூக்கு மட்டும்தான் மிச்சம். ஆட்டின் முகத்தில் துளி வருத்தமில்லை.

மகிழ்ச்சி மை பூசலாம் என்றார் டீச்சர். அது பற்பசை விளம்பரத்தில் வருவது, யாரும் நம்புவதில்லை என்றாள் ஜெபினா. நகைக்கடைக்காரர்கள் மட்டுமே வாங்கும் மை ஒன்று அலமாரியில் இருந்தது: பொறாமை. நயினார் ஆட்டுக்கு அதை இரண்டு பூச்சு அடித்தார். வேனிலும் பேட்ஜிலும் பழைய சின்னம் போய் ஆடு வந்தது.

அடுத்த சனிக்கிழமை கோல்கீப்பர் பந்தின்மேல் பாய்ந்தான், ஜெபினாவின் காலையும் சேர்த்து. கோல் போகவில்லை. முட்டிச் சிராய்ப்பை அவள் வேன் முழுக்க நொண்டி நொண்டிக் காட்டினாள். அவ்வளவு பெருமை.

மூன்றாம் வாரம் பதினைந்து பேர் அறுபது பேரானார்கள்; வேன் நாலு நடை போனது. புதியவர்கள் சொன்ன சாவுகளில் பாதி பொய். ஒரு பையன், அப்பாவைத் திமிங்கலம் விழுங்கிவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்த அப்பா, பிச்சைமணி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து வேனை மறித்தார். "நான் உயிரோடதான டீச்சர் இருக்கேன்? பாத்தா எப்படித் தெரியுது?"

ஜெபினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "திமிங்கலம் துப்பிட்டு போல."

வேனே சிரித்தது. பிச்சைமணியும் சிரித்துவிட்டார். மகனைப் பிடித்து இறக்கக் கதவில் கை வைத்தவரின் கண்ணில் ஆடு பட்டது. கை அப்படியே நின்றது. உள்ளே யாரோ செத்துப்போன தன் அப்பாவின் குறட்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிச்சைமணி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏலே, எறங்கு," என்றார் மகனிடம். "ஒங்கப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கேன். எங்கப்பா எனக்கு ஏழு வயசுலயே போயிட்டாரு. இந்த எடம் எனக்குள்ளது."