முயல் பக்கம்

ஆமையில் வைத்துவிட்டுப் போன லீவர் முயலில் இருந்தது.

அவள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். புல் வெட்டும் சின்ன டிராக்டர் நேற்று நிறுத்திய இடத்தில், மூக்கைப் புல்வெளிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டிய புல் மட்கும் புளித்த வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து அடித்தன. ஸ்டியரிங் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர். கீழே ஆமைப் படம், மேலே முயல் படம். நேற்று ஆமைக்கு நேராகச் சாக்பீஸால் கோடு கிழித்து, லீவரை அதில் நிறுத்தி, ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

லீவர் நழுவுவது ஒன்றும் அதிசயமில்லை. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவளுக்கு அது தெரியாதா என்ன? நட்டு தளர்ந்தால், எஞ்சினில் இருக்கும் ஸ்பிரிங் கேபிளை இழுத்து லீவரைக் கீழே கொண்டுவந்துவிடும். எப்போதும் ஆமைப் பக்கம்தான். முயல் பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு கை தள்ள வேண்டும்.

ஷெட்டின் இன்னொரு சாவி, கூடவே தங்கியிருந்த கொழுந்தனிடம் இருந்தது.

இந்தப் பழைய வண்டியை வாங்கி வந்ததே அவன்தான். "வித்த அம்மா சொன்னாங்க அண்ணி, செத்துப்போன அவங்க வீட்டுக்காரர் இதுல ஏறினா இறங்கவே மாட்டாராம்" என்று அன்றைக்குச் சிரித்தான். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதும், வீட்டை விற்றுவிடலாமே என்று பேச்சை எடுத்தவனும் அவன்தான். அவள் முடியாது என்றாள். அதற்குப் பிறகுதான் லீவர் நகர ஆரம்பித்தது. பயந்துபோய்த் தானாகக் கிளம்பட்டும் என்று பார்க்கிறான்.

போன வாரம் அவள் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில் எஞ்சின் உறுமி, ஆளில்லாத வண்டி முன்னால் துள்ளியது. எதிரே புல்லில் நாலு வயது மகள். கொழுந்தன்தான் பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கினான். அப்போது நன்றி சொன்னாள். இப்போது யோசித்தால், எதற்கோ காத்திருந்தவன்போல அல்லவா அங்கே நின்றிருந்தான்!

சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு ஸ்விட்ச். ஆள் எழுந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவதற்காக வைத்தது. அதன் இரண்டு வயர்களையும் யாரோ ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அன்று ஆளில்லாமல் எஞ்சின் எப்படி ஓடியது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"இதைச் செஞ்சது யாரு தம்பி?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? வாங்கும்போதே இருந்திருக்கும்."

"பூட்டின ஷெட்டுக்குள்ள லீவர் மேல போச்சே, அதுவும் வாங்கும்போதே இருந்ததா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். "இதுல கை வைக்காதீங்க அண்ணி. யாருக்காவது தள்ளிவிட்டுடலாம்."

"எதை? வண்டியையா, வீட்டையா?"

அவன் முகம் சுண்டிப்போனது.

"சாவியை வெச்சிட்டு உங்க ஃப்ரெண்டு வீட்டுக்குக் கிளம்புங்க. உங்க அண்ணன் வரட்டும், பேசிக்கலாம்."

"குட்டியை யாரு பாத்துக்குவா?"

"ஏன், அவ அம்மா செத்தா போயிட்டா?"

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கேட் கிரீச்சிட்டு மூடியது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

வயர்களைப் பிரித்து ஸ்விட்சில் ஒழுங்காக மாட்டினாள். லீவருக்குப் புது வாஷர் போட்டு, மணிக்கட்டு வலிக்கும்வரை நட்டை முறுக்கினாள். லீவர் கல்மாதிரி நின்றது. வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. கதவு வழியே மகள் தெரிந்தாள், புல்லில் உட்கார்ந்து கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குட்டி, அங்கேயே இரு. அம்மா இதோ வந்துடறேன்."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே முயற்சியில் கிளம்பியது. லீவரை ஆமையில் வைத்தாள். பிரேக் பெடலை மிதித்துக் கொக்கியை மாட்டினாள். மறுபடி மிதித்தால்தான் கொக்கி விடும். ஸ்விட்சைச் சோதிக்க வேண்டும். எழுந்து இறங்கினாள். இந்த நொடியில் எஞ்சின் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

வயரைத் தப்பாக மாட்டிவிட்டோமோ என்று குனிந்தாள். வயர் சரியாகத்தான் இருந்தது. அவள் எழுந்ததும் சீட் ஸ்பிரிங்கில் மேலே வந்திருக்க வேண்டும். பாதி வந்தது. பிறகு, மெதுவாக, மறுபடி அமுங்கியது.

கறுப்பு ரெக்ஸினில் ஒரு பள்ளம். ஆள் உட்கார்ந்த அளவு.

லீவர் முனகியது. அவள் முறுக்கிய நட்டுக்கு எதிராக, ஒரு நூலளவு மேலே. இன்னொரு நூல்.

சாவியைத் திருப்பினாள். உருவியே எடுத்துவிட்டாள். எஞ்சின் ஓடியது.

"தம்பி!"

யாரும் இல்லை. அவள்தான் அனுப்பிவிட்டாளே.

"தம்பி!"

புல்வெளியில் மகள் நிமிர்ந்தாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று எழுந்தாள். கையில் ஒரு கூழாங்கல்லோடு, ஷெட்டைப் பார்த்து, நேராக ஓடி வந்தாள்.

பெடல் கீழே போனது. அவசரமே இல்லாமல். பழகிய பாதம் மிதிப்பதுபோல.

டக். கொக்கி விட்டது.

லீவர் முயலைத் தொட்டது. நழுவவில்லை. அவள் முறுக்கிய நட்டு அதை அங்கேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.